விண்வெளியில் குடியிருப்பு: பூமியில் இருக்கும் நமக்கு என்ன லாபம்?

கம்ப்யூட்டர் வாங்கி இரண்டு மாதமே ஆன ஒருவர் சென்ற வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். "இன்டர்நெட்டில் எந்தச் செய்தித் தளத்தைத் திறந்தாலும் நிலவில் வீடு, செவ்வாயில் நகரம் என்று போடுகிறார்கள். அங்கே போகப் போவது நாலு பணக்காரர்கள். தவணையில் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிற எனக்கு அதனால் என்ன சார் லாபம்?"

நியாயமான கேள்வி. இது அவருக்கு மட்டும் வரும் சந்தேகம் அல்ல. வரி கட்டுகிற எல்லோரும் கேட்க வேண்டியது. இதற்குப் பதில் தேட ராக்கெட் விஞ்ஞானம் படிக்க வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள எக்ஸெல் போதும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்வெளியில் எல்லாவற்றையும் தீர்மானிப்பது எடை. எடை குறைந்த பொருள்தான் அங்கிருந்து வந்து நமக்கு லாபம் தரும். எடையைக் குறைப்பதற்காக அங்கே கண்டுபிடிக்கும் வழிகளும் நமக்கு லாபம் தரும். கப்பல் கப்பலாகத் தங்கம் வந்து இறங்கும் என்று நினைத்தால் ஏமாற்றம்தான். எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது?

விண்வெளியில் ஊர் என்று சொல்லும்படி இன்னும் எதுவும் இல்லை. ஆனால் ஆட்கள் இருக்கிறார்கள். சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2000ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி முதல் ஒரு நாள்கூட விடாமல் மனிதர்கள் தங்கியிருக்கிறார்கள். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், ஏறக்குறைய 90 நிமிடத்திற்கு ஒரு முறை அது பூமியைச் சுற்றுகிறது. சீனாவும் தியான்காங் என்ற தனி நிலையத்தை நடத்துகிறது. 2025 ஜூன் மாதம் நம் நாட்டின் சுபான்ஷு சுக்லா சர்வதேச நிலையத்திற்குச் சென்று, பாசிப்பயறும் வெந்தயமும் முளைக்க வைத்துப் பார்த்துவிட்டு ஜூலையில் திரும்பினார்.

இவை ஊர் அல்ல, லாட்ஜ் மாதிரி. நிஜமான ஊருக்கான திட்டம் 1975லேயே காகிதத்தில் போடப்பட்டது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜெரார்ட் ஓ'நீல் சொன்ன யோசனையை வைத்து, நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையமும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த ஆண்டு கோடையில் ஓர் ஆய்வு நடத்தின. 10,000 பேர் வசிக்கக்கூடிய, வளையல் வடிவத்தில் ஒரு குடியிருப்பு. குறுக்களவு ஏறக்குறைய 1.8 கிலோமீட்டர். நிமிடத்திற்கு ஒரு முறை சுழலும். அந்தச் சுழற்சியால் உள்ளே இருப்பவர்களுக்குப் பூமியில் நிற்பது போன்ற உணர்வு கிடைக்கும். இந்த ஊர் எதை விற்றுப் பிழைக்கும் என்பதையும் அவர்கள் யோசித்திருந்தார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

எக்ஸெல்லில் ஒரு கணக்கு

எக்ஸெல்லைத் திறந்து கொள்ளுங்கள். எக்ஸெல் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுப்பில் உள்ள கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். கட்டம் கட்டமாகத் தெரிகிறதல்லவா? ஒவ்வொரு கட்டத்திற்கும் செல் என்று பெயர்.

முதல் வரிசையில் நான்கு தலைப்புகளை அடியுங்கள்: பொருள், எடை, கிலோவுக்குக் கட்டணம், மொத்தச் செலவு. அடுத்த வரிசையில் பொருள் என்பதன் கீழ் "தண்ணீர் கேன்" என்றும், எடையின் கீழ் 20 என்றும் கொடுங்கள். நம் வீடுகளுக்கு வருகிற அதே 20 லிட்டர் கேன்தான். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதால் 20 கிலோ.

கட்டணத்தின் கீழ் 54500 என்று அடியுங்கள். 2011ல் ஓய்வு பெற்ற அமெரிக்க ஸ்பேஸ் ஷட்டிலில் ஒரு கிலோவை மேலே கொண்டு செல்ல ஏறக்குறைய இத்தனை டாலர் ஆனது என்று ஒரு கணக்கு சொல்கிறது. இப்போது மொத்தச் செலவு செல்லில் கிளிக் செய்து, சமக்குறி (=) இடுங்கள். எடை உள்ள செல்லில் கிளிக் செய்யுங்கள். பெருக்கலுக்கான நட்சத்திரக் குறி (*) இடுங்கள். கட்டணம் உள்ள செல்லில் கிளிக் செய்து என்டர் தட்டுங்கள். 10,90,000 டாலர் என்று வரும். ஒரு கேன் தண்ணீருக்கு!

அடுத்து, கட்டணத்தை மட்டும் 2700 என்று மாற்றுங்கள். ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் பால்கன் 9 ராக்கெட்டுக்கு அதே முறையில் 2018ல் கணக்கிட்டபோது ஏறக்குறைய இந்தத் தொகை வந்தது. விடை தானாகவே 54,000 டாலர் என்று மாறிவிடும். எக்ஸெல்லின் சிறப்பே இதுதான். ஒரு எண்ணை மாற்றினால் போதும், மற்றதை அது பார்த்துக் கொள்ளும். ராக்கெட்டின் அடிப்பகுதியைத் திரும்பவும் தரையிறக்கி மீண்டும் பயன்படுத்துவது இந்த வீழ்ச்சிக்கு ஒரு முக்கியக் காரணம்.

இந்த ஒர்க்ஷீட்டை ஒரு பெயர் கொடுத்து சேவ் செய்து வையுங்கள். இனிமேல் வரும் எல்லாக் கேள்விக்கும் இதைத்தான் திரும்பிப் பார்க்கப் போகிறோம்.

எடை குறைக்கச் சொன்னதால் நமக்குக் கிடைத்தவை

ஒவ்வொரு கிலோவுக்கும் இவ்வளவு செலவு என்றால், விண்வெளிக்குப் பொருள் செய்பவர் என்ன செய்வார்? சிறியதாக, லேசாக, குறைந்த மின்சாரத்தில் ஓடுகிற மாதிரி செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடிப்பார். விலை அதிகம் என்றாலும் வாங்குவார். அந்தப் பிடிவாதக்கார வாடிக்கையாளரால் பிறகு நமக்கு மலிவாகக் கிடைத்தவை பல.

உங்கள் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒன்று இருக்கிறது: ஐ.சி. எனப்படும் ஒருங்கிணைந்த சுற்று. இதை நாசா கண்டுபிடிக்கவில்லை. ஆனால் நிலவுக்குச் சென்ற அப்போலோ விண்கலத்தின் கம்ப்யூட்டருக்கு அது தேவைப்பட்டது. 1963ல் அமெரிக்காவில் தயாரான ஐ.சி.க்களில் ஏறக்குறைய 60 சதவீதம் அந்த ஒரு திட்டத்திற்கே போயின. ராணுவ ஏவுகணைத் திட்டங்களும் வாங்கின. இப்படித் தொடக்க காலத்தில் வாங்க ஆள் இருந்ததால் தொழிற்சாலைகள் செய்து பழகின, பழுது குறைந்தது, விலை இறங்கியது. அப்போலோ கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம் ஏறக்குறைய 4 கிலோபைட்தான். உங்கள் செல்போனில் எடுக்கும் ஒரு போட்டோ 4 மெகாபைட் என்றால் அதைப் போல் ஆயிரம் மடங்கு.

இன்னொன்று, மானிட்டருக்கு மேலே இருக்கும் வெப்கேமரா. அதனுள் இருக்கும் சீமாஸ் சென்சாரை இன்றைய வடிவத்திற்குக் கொண்டு வந்தவர் எரிக் பாஸம். 1990களில் நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில், விண்கலங்களில் வைக்கும் கேமராக்களைச் சிறியதாக்கும் வேலையில் இருந்தபோது அவர் குழு இதைச் செய்தது. வெளிநாட்டில் இருக்கும் மகனிடமோ பேத்தியிடமோ முகம் பார்த்துப் பேசுகிறீர்களே, அதற்கு இந்த வேலையும் ஒரு காரணம்.

பத்துப் பேர் தங்கும் லாட்ஜ் என்ற நிலைமையிலேயே இவ்வளவு என்றால், ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊர் எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தண்ணீரையே எடுத்துக் கொள்வோம். ஒரு கேன் 54,000 டாலர் என்றால் ஒரு சொட்டைக்கூட வீணாக்க முடியாது. எனவே விண்வெளி நிலையத்தில் வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து மறுபடியும் குடிநீராக்குகிறார்கள். 2023ல் இந்த மீட்பு 98 சதவீதத்தை எட்டியது. அதாவது 100 லிட்டர் பயன்படுத்தினால் 98 லிட்டர் திரும்பக் கிடைக்கிறது. கோடையில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் எந்த ஊருக்கும் இந்தத் தொழில்நுட்பம் மலிவாகக் கிடைத்தால் அதன் மதிப்பை நான் சொல்ல வேண்டியதில்லை. என் கணக்கில், விண்வெளிக் குடியிருப்பால் சாதாரண மக்களுக்குக் கிடைக்கும் பெரிய லாபம் இந்த வகையில்தான் இருக்கும்.

எடையே இல்லாத சரக்கு

அங்கிருந்து இங்கே வருவதைப் பார்ப்போம். இருப்பதிலேயே எடை குறைந்த சரக்கு எது? தகவல். அதற்கு எடையே கிடையாது. டிவி சேனல், வானிலைப் படம், ஜி.பி.எஸ். எல்லாம் இந்த வகை. அதனால்தான் விண்வெளி வியாபாரத்தில் முதலில் லாபம் தந்தது இதுவாக இருக்கிறது.

அடுத்தது மின்சாரம். ஓ'நீல் தன் ஊருக்குச் சொன்ன தொழிலும் இதுதான். 1968ல் பீட்டர் கிளேசர் என்ற பொறியாளர் ஒரு யோசனையை வெளியிட்டார். ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் பெரிய சோலார் பேனல்களை வைத்தால், ஆண்டில் சில வாரங்களில் சிறிது நேரம் தவிர, அங்கே இரவே இல்லை, மேகமும் இல்லை. ஒரு சதுர மீட்டரில் விழும் சூரிய சக்தி சுமார் 1,360 வாட். பூமியில் நல்ல வெயிலிலேயே சுமார் 1,000 வாட்தான், அதுவும் பகலில் மட்டும். அங்கே கிடைக்கும் மின்சாரத்தை மைக்ரோவேவ் அலைகளாக மாற்றிக் கீழே அனுப்பி, தரையில் ஆண்டெனாக்கள் மூலம் மறுபடியும் மின்சாரமாக்கலாம்.

ஆனால் அவ்வளவு பேனல்களையும் இங்கிருந்து கொண்டு சென்றால் என்ன ஆகும்? நம் ஒர்க்ஷீட் பதில் சொல்லும். அதனால்தான் ஓ'நீல், பொருட்களை நிலவிலிருந்து எடுப்போம் என்றார். பூமியின் பிடியிலிருந்து விடுபட வினாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் தேவை. நிலவிலிருந்து 2.4 கிலோமீட்டர் போதும். தேவைப்படும் ஆற்றலில் பார்த்தால் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்குதான். நிலவில் வெட்டி, விண்வெளியில் செய்து, மின்சாரத்தை மட்டும் பூமிக்கு விற்பது என்பது அவர் திட்டம். வேலை செய்யும் ஆட்கள் தங்கத்தான் அந்த ஊர்.

இது நடக்குமா? அமெரிக்காவின் கால்டெக் நிறுவனம் 2023ல் ஒரு சிறிய கருவியை விண்வெளியிலிருந்து இயக்கி, அதன் மைக்ரோவேவ் அலையைத் தரையில் உணர்ந்து காட்டியது. வழி சரிதான். விலைதான் இடிக்கிறது. 2024 ஜனவரியில் நாசா வெளியிட்ட ஆய்வின்படி, ஆராயப்பட்ட இரண்டு வடிவமைப்புகளின் மின்சாரமும் தரையில் கிடைக்கும் மாற்று மின்சாரத்தைவிட 12 முதல் 80 மடங்கு விலை அதிகம். மேலே கொண்டு செல்லும் கட்டணம் நன்றாகக் குறைந்தால் இந்த நிலைமை மாறும் என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

எடை குறைவு, விலை அதிகம்

எடை இருந்தாலும், கிராம் கணக்கில் விலை போகும் பொருட்கள் உண்டு. எடையற்ற நிலையில் சில பொருட்கள் பூமியில் செய்வதைவிடச் சீராக உருவாகின்றன. மூன்று உதாரணங்கள் தருகிறேன்.

1. மருந்து. மெர்க் நிறுவனம் தன் புற்றுநோய் மருந்தான கீட்ரூடாவின் மூலப்பொருளை விண்வெளி நிலையத்தில் படிகமாக்கிப் பார்த்தது. ஒரே அளவான நுண்ணிய படிகங்கள் கிடைத்ததாக 2019ல் முடிவு வெளியானது. டிரிப்ஸ் ஏற்றுவதற்குப் பதிலாக ஊசியாகவே போட முடியுமா என்பதே நோக்கம்.

2. கண்ணாடி இழை. இன்டர்நெட் இணைப்பு வரும் பைபர் கேபிளைவிட ஒளியை இன்னும் குறைந்த இழப்பில் கடத்தக்கூடிய இஸட்-பிளான் என்ற ஒரு வகைக் கண்ணாடி உண்டு. பூமியில் இழையாக இழுக்கும்போது அதில் சிறு படிகக் குறைகள் விழுகின்றன. 2024ல் விண்வெளி நிலையத்தில் இந்த இழையை 11 கிலோமீட்டருக்கும் மேல் இழுத்துக் காட்டினார்கள்.

3. ஆளில்லாத் தொழிற்சாலை. வர்தா என்ற அமெரிக்க நிறுவனத்தின் சிறு விண்கலம், எச்.ஐ.வி. மருந்தான ரிடோனவிரின் படிகங்களை விண்வெளியில் செய்து, 2024 பிப்ரவரியில் யூட்டா பாலைவனத்தில் இறக்கியது.

மூன்றாவது உதாரணத்தைக் கவனியுங்கள். அதில் ஆளே இல்லை. அப்படியானால் குடியிருப்பு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய ஆள் தேவையில்லை. இயந்திரம் மக்கர் செய்தால், பெரிய அமைப்பைப் பொருத்த வேண்டியிருந்தால் ஆள் தேவை. 1990ல் அனுப்பிய ஹப்பிள் தொலைநோக்கியின் கண்ணாடியில் குறை இருந்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரி செய்த பிறகுதான் அது தெளிவாகப் பார்த்தது.

தங்கமும் பிளாட்டினமும் வருமா?

சிறுகோள்களில் கோடிக்கணக்கான டாலர் மதிப்புள்ள உலோகம் இருக்கிறது என்ற செய்தி அடிக்கடி வரும். படிக்க நன்றாக இருக்கும். நாசாவின் ஓசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023 செப்டம்பரில் மண்ணும் கல்லும் கொண்டு வந்தது. எடை 121.6 கிராம். திட்டச் செலவு ஏறக்குறைய 116 கோடி டாலர். ஒர்க்ஷீட்டில் வகுத்துப் பாருங்கள். ஒரு கிராமுக்கு 95 லட்சம் டாலர் வரும். அது ஆராய்ச்சிக்காகப் போனது, வியாபாரத்திற்கு அல்ல என்பது உண்மைதான். ஆனாலும் நகைக்கடை விலைக்கு இறங்க எத்தனை தூரம் போக வேண்டும் என்பது தெரிகிறதல்லவா? ஒருவேளை டன் கணக்கில் வந்து இறங்கினால், அப்போது விலையே சரிந்துவிடும்.

அங்கே கிடைப்பது அங்கேயே பயன்பட்டால்தான் லாபம். இதில் நமக்கும் பங்கு உண்டு. 2008ல் இஸ்ரோ அனுப்பிய சந்திரயான்-1, அதிலிருந்த நாசா கருவியின் உதவியுடன், நிலவின் மேற்பரப்பில் நீர் மூலக்கூறுகள் இருப்பதைக் காட்டியது. அந்தத் திட்டத்தின் இயக்குநர் நம் கோவை மாவட்டத்துக்காரர் மயில்சாமி அண்ணாதுரை. தண்ணீரைப் பிரித்தால் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் கிடைக்கும். இரண்டும் சேர்ந்தால் ராக்கெட் எரிபொருள். நிலவில் ஒரு பெட்ரோல் பங்க் கிடைத்த மாதிரி. ஒரு கேன் தண்ணீரை 54,000 டாலர் கொடுத்து அனுப்ப வேண்டாம் என்றால், அங்கே செய்யும் எல்லாப் பொருளின் விலையும் குறையும். அந்தக் குறைவுதான் நமக்கு வந்து சேரும் லாபம்.

லாபம் யாருக்கு?

என்னிடம் கேட்டவரின் சந்தேகத்தில் ஒரு பாதிக்குத்தான் இதுவரை பதில் சொன்னேன். லாபம் வரலாம், ஆனால் அது நாலு பேரோடு நின்றுவிடாதா என்பது மறுபாதி.

ஜி.பி.எஸ். கதையைப் பாருங்கள். 1973ல் அமெரிக்க ராணுவத்திற்காகத் தொடங்கினார்கள். பொதுமக்களுக்கு வேண்டுமென்றே துல்லியம் குறைத்த சிக்னலைத்தான் கொடுத்தார்கள். 2000 மே மாதம் அந்தத் தடையை நீக்கினார்கள். அதன் பிறகுதான் கார், செல்போன், மீன்பிடிப் படகு என்று எல்லா இடத்திலும் நுழைந்தது. இன்று ஆட்டோ அழைக்கும் ஆப்பிலிருந்து வீட்டுக்குச் சாப்பாடு கொண்டு வரும் பையன் வரை எத்தனை பேர் பிழைப்பு அதில் ஓடுகிறது! சிக்னல் திறந்திருந்ததால்தான் இந்த லாபம் பரவியது. பூட்டியே வைத்திருந்தால் ராணுவத்தோடு போயிருக்கும்.

விண்வெளியில் எந்த நாடும் இடத்திற்கு உரிமை கொண்டாடக் கூடாது என்று 1967ஆம் ஆண்டின் ஒப்பந்தம் சொல்கிறது. இந்தியாவும் அதில் உண்டு. ஆனால் தோண்டி எடுத்த பொருள் எடுத்தவருக்கே சொந்தம் என்று அமெரிக்கா 2015ல் சட்டம் போட்டது. லக்சம்பர்க் 2017ல் போட்டது. மற்ற நாடுகளுக்கு என்ன பங்கு என்பதில் முடிவு இல்லை. நாம் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். ராக்கெட் படங்களைவிட இந்தச் சட்டச் செய்திகள்தான் உங்கள் பேரப்பிள்ளைகளின் பாக்கெட்டைத் தொடும்.

இன்றைய தேதியில் கணக்கு போட்டால் விண்வெளிக் குடியிருப்பு நஷ்டம்தான். சர்வதேச நிலையத்திற்கு மட்டும் 10,000 கோடி டாலருக்கு மேல் செலவாகியிருக்கிறது. ஆனால் ஜி.பி.எஸ். முழுமையாக இயங்கவே 22 ஆண்டுகள் ஆயின. ஓர் அறை முழுக்க அடைத்துக் கொண்டிருந்த கம்ப்யூட்டர், மேஜைக்கு வர அதைவிட அதிகக் காலம் ஆனது.

நீங்களே பாருங்கள்

விண்வெளி நிலையத்தை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். ஸ்டெல்லேரியம் என்ற இலவச புரோகிராமை டவுன்லோட் செய்து, உங்கள் ஊரைத் தேர்ந்தெடுத்து, அதிலுள்ள சாட்டிலைட் வசதியை இயக்குங்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையில் அது தெரியும் என்று காட்டும். சூரியன் மறைந்த பிறகோ, உதிப்பதற்கு முன்போ மொட்டை மாடிக்குப் போனால், மினுமினுக்காமல் ஒரே சீராக நகரும் ஒளிப்புள்ளியாகச் சில நிமிடங்கள் தெரியும். இது 2030 வரை இயங்கி, அதன் பிறகு கடலில் விழச் செய்யப்படும் என்பது இப்போதைய திட்டம். அதற்குள் குழந்தைகளுக்குக் காட்டிவிடுங்கள்.

சேவ் செய்த ஒர்க்ஷீட்டை அழித்துவிடாதீர்கள். ராக்கெட் கட்டணம் குறைந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் அந்த ஒரு செல்லில் புதிய எண்ணைப் போடுங்கள். கட்டணம் 100 டாலர் என்று கற்பனையாகப் போட்டுப் பாருங்கள். தண்ணீர் கேன் 2,000 டாலர் என்று வரும். அந்த விலை நிஜமாகும் நாளில் மருந்து, மின்சாரம், கண்ணாடி இழை மூன்றின் கணக்கையும் புதிதாகப் போட வேண்டியிருக்கும்.